எக்மன் கிராப்: ஆழமற்ற ஏரிக்கு எந்த வடிவம் வாங்கலாம், அதை எதுவரை நம்பலாம்

மூன்று மீட்டருக்கு மேல் ஆழம் போகாத, அடியில் மென்சேறு படிந்த ஏரியில் படுகை உயிரிகளை எண்ணி ஏரியின் நலத்தைக் கணிக்கப் போகிறீர்கள் என்றால் 15 × 15 செ.மீ. வாயுள்ள எக்மன் கிராப்பை (படுகைச் சேற்றைக் கவ்வி அள்ளும் பெட்டிக் கருவி) வாங்குங்கள். கயிற்றில் இறக்கும் வகையை விட்டுவிட்டுக் கம்பில் பொருத்தும் வகையைக் கேளுங்கள். 15 செ.மீ. உயரமுள்ள சாதாரணப் பெட்டியைவிட 23 செ.மீ. உயரப் பெட்டி நல்லது. கூடவே 500 மைக்ரான் (அரை மி.மீ.) கண்ணுள்ள சல்லடை வாளியும் டி வடிவக் கைவலையும் கட்டாயம் வேண்டும். கிராப்பை மட்டும் நம்பி எழுதும் அறிக்கை நல்ல ஏரியைக் கெட்டதாகக் காட்டிவிடும், கெட்ட ஏரியை நல்லதாகவும் காட்டிவிடும். கருவியின் குறை அதில் பாதிதான். மீதிப் பாதி, ஆழமான ஏரிக்கும் ஆற்றுக்கும் வகுத்த அளவுகோல்களை அப்படியே தூக்கிவந்து இங்கே போடுவதால் வருகிறது.

நீரை ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதித்தால் அந்த நேரத்து நிலை தெரியும். சேற்றில் கிடக்கும் புழுவுக்கும் மட்டிக்கும் ஓடி ஒளிய வழியில்லை. போன மாதம் ஓர் இரவு ஆக்சிஜன் அற்றுப்போயிருந்தால் அதை அவை அனுபவித்திருக்கும், தாங்காதவை செத்திருக்கும். இவ்வளவு மெனக்கெட்டுச் சேற்றை அள்ளிச் சலித்து எண்ணுவது அதற்காகத்தான்.

கருவியின் அமைப்பு

ஸ்வீடன் விலங்கியலாளர் ஸ்வென் எக்மன் 1911-இல் விவரித்த கருவி இது. அமெரிக்க ஏரி ஆய்வாளர் எட்வர்ட் பர்ஜ் 1922-இல் திருத்திய வடிவம்தான் இன்று பெரும்பாலும் விற்பனைக்கு வருவது. அடியில்லாத ஓர் எவர்சில்வர் பெட்டி. அடியில் வளைந்த இரண்டு தாடைகள். பக்கவாட்டில் அவற்றை இழுத்து மூடும் ஸ்பிரிங்குகள். மேலே மெல்லிய இரண்டு மூடித் தகடுகள். தாடைகளைத் திறந்து, அவற்றோடு இணைந்த சங்கிலியையோ கம்பி வடத்தையோ மேலே உள்ள விசையில் (தட்டினால் தாடைகளை விடுவிக்கும் கொக்கி) மாட்டி இறக்க வேண்டும். இறங்கும்போது நீர் மேல்மூடிகளைத் தள்ளிக்கொண்டு பெட்டிக்குள்ளேயே ஓடி வெளியேறும். தூக்கும்போது அதே மூடிகள் படிந்து, அள்ளிய சேறு அலசிப்போகாமல் காக்கும்.

கயிற்று வகையில் மெசஞ்சர் என்கிற எடை கயிற்றோடு வழுக்கிப் போய் விசையைத் தட்டும். ஆழமான நீரில் அது வேகம் பிடித்துச் சரியாகத் தட்டிவிடும். ஒன்றரை மீட்டர் நீரில் அந்த வேகம் கிடைப்பதில்லை. காற்றில் படகு நகர்ந்து கயிறு சாய்ந்துவிட்டால் மெசஞ்சர் பாதி வழியில் உராய்ந்து நிற்கும், அல்லது விசையைப் பக்கவாட்டில் தொட்டுவிட்டுச் சும்மா இருக்கும். அதைச் சரிசெய்யக் கயிற்றை ஆட்ட ஆட்ட, அடியில் சேறு கலங்கிவிடும். கலங்கிய பிறகு எடுத்த மாதிரியால் பயனில்லை. கம்பு வகையில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. கம்பின் மேல்முனைப் பிடியை அழுத்தினால் விசை விடுபடும். அதைவிடப் பெரிய நன்மை, பெட்டி படுகையைத் தொடுவது கையில் தெரியும், எத்தனை செ.மீ. புதைகிறது என்பதையும் கம்பில் குறித்த அளவுக்கோடுகளைப் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம். மூன்று மீட்டருக்கு மேல் போனால் கம்பு வளைந்து ஆடும், அங்கே கயிறுதான்.

உயரப் பெட்டியைச் சொல்வதற்குக் காரணம், ஊட்டச்சத்து மிகுந்த ஏரிகளின் சேறு பல இடங்களில் பாதி திரவமாகவே இருக்கும் என்பது. 15 செ.மீ. பெட்டி அதில் முழுதாக மூழ்கிவிடும். சேறு மேல்மூடி வழியே பிதுங்கி வெளியேறும்போது முதலில் போவது மேல்பரப்பின் ஓரிரு செ.மீ.தான். பெரும்பாலான லார்வாக்கள் இருப்பதும் அங்கேதான். பெட்டி நிரம்பி வந்தால் நல்ல மாதிரி என்று தோன்றும். உண்மையில் அது தூக்கி எறிய வேண்டிய மாதிரி.

23 × 23 செ.மீ. வாயுள்ள பெரிய வகையும் உண்டு. வாங்க வேண்டாம். 15 செ.மீ. வாய் 10 செ.மீ. ஆழத்துக்கு இறங்கினாலே 2.25 லிட்டர் சேறு வரும். பெரியதில் 5 லிட்டரைத் தாண்டும். அதே உழைப்பில் சிறியதைக் கொண்டு இரண்டு மாதிரி எடுத்தால் அதிகம் தெரியும். படுகை உயிரிகள் திட்டுத் திட்டாக வாழ்பவை. அவற்றுக்கு ஒரு பெரிய மாதிரியைவிடப் பல சிறிய மாதிரிகளே நம்பகம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

தாடைகளை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். விளிம்புகளுக்கு நடுவே வெளிச்சக் கீற்று சீராக, தலைமுடி அளவு தெரிந்தால் பரவாயில்லை. ஒரு முனையில் மட்டும் அகன்று தெரிந்தால் தாடை முறுக்கேறியிருக்கிறது. தூக்கும்போது அந்த மூலையிலிருந்து சேறு ஒழுகும். இரண்டு பக்க ஸ்பிரிங்குகளின் இழுவிசையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று தளர்ந்தால் தாடை கோணலாக மூடும். மேல்மூடிகள் விரல் நுனி பட்டாலே திறக்கும்படி இலகுவாக அசைய வேண்டும். அவை இறுகியிருந்தால் பெட்டி நீரைத் தள்ளிக்கொண்டே இறங்கும். அந்த நீரழுத்தம் படுகையின் மேல்படிவைக் கருவி தொடும் முன்பே ஊதிவிடும். கிராப் குறைத்து எண்ணுகிறது என்று சொல்லப்படும் புகார்களில் பல இந்த மூடியில் தொடங்குகின்றன.

வாயின் உள்ளளவை நீங்களே அளந்து குறித்துவையுங்கள். 15.0 செ.மீ. என்றால் பரப்பு 225 சதுர செ.மீ.; ஒரு சதுர மீட்டருக்கு மாற்ற 44.4-ஆல் பெருக்க வேண்டும். 6 அங்குலக் கணக்கில் செய்தவற்றில் உள்ளளவு 15.2 செ.மீ. வரும்; பரப்பு 231, பெருக்கு எண் 43.3. வித்தியாசம் சிறியதுதான். ஆனால் இரண்டு குழுக்கள் இரண்டு எண்களை வைத்துக்கொண்டு பத்தாண்டுத் தரவை ஒப்பிடும்போது வீண் குழப்பம் வரும்.

விசையில் பூட்டு ஊசி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். விரலை நசுக்கும் அளவுக்கு அந்த ஸ்பிரிங்குக்கு வலு உண்டு. விசையை ஏற்றும்போது பெட்டியின் பக்கங்களை மட்டும் பிடிக்க வேண்டும். ஏற்றிய கருவியைப் படகின் தளத்தில் வைக்கவே கூடாது.

சரியாக அள்ளுவது

படகை நங்கூரமிட்டு, நங்கூரம் விழுந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அள்ளுங்கள். நங்கூரம் எழுப்பிய கலங்கல் இருக்கும் இடத்தில் அள்ளக் கூடாது. கடைசி அரை மீட்டரை மிக மெதுவாக இறக்குங்கள். பெட்டி தன் எடையில் அமரட்டும். கம்பை 8 முதல் 10 செ.மீ. வரை மட்டும் அழுத்தி, விசையைத் தட்டி, இரண்டு நொடி பொறுத்து, ஒரே சீரான வேகத்தில் தூக்குங்கள். நீர்மட்டத்துக்கு வந்ததும் அடியில் தட்டைப் பிடித்துவிட வேண்டும்.

இப்போது மேல்மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். நல்ல மாதிரியில் சேற்றின் மேல் ஒரு விரற்கடை தெளிந்த நீர் நிற்கும். அதன் கீழே சில மி.மீ. பழுப்பு நிறப் படிவு. அதில் ஊசிமுனை அளவில் குழாய் வாய்கள் எழுந்து நிற்கும். கொஞ்சம் அசையாமல் இருந்தால் அந்தக் குழாய்களிலிருந்து செம்புழுக்களின் வால்கள் மெல்ல நீண்டு ஆடத் தொடங்கும். தலை சேற்றுக்குள்ளே தின்றுகொண்டிருக்க, வால் வெளியே ஆக்சிஜனைத் தேடுகிறது. நீரில் ஆக்சிஜன் குறையக் குறைய வால் நீளும், ஆட்டமும் கூடும். பழுப்புப் படிவே இல்லாமல் மேலிருந்தே கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு இருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு தரவுதான்.

தாடைக்கிடையில் குச்சியோ நத்தை ஓடோ தண்டோ சிக்கி இடைவெளி விட்டிருந்தால், சேறு மூடித் தகட்டைத் தொட்டிருந்தால், மேல்நீர் கலங்கலாக இருந்தால், அழுத்திய ஆழத்தில் பாதி அளவுகூடச் சேறு வரவில்லை என்றால், அதைக் கொட்டிவிட்டு ஒரு மீட்டர் தள்ளி மறுபடி அள்ளுங்கள். கொட்டுவதை எடுக்கவேண்டிய இடத்திலேயே கொட்டக் கூடாது. எத்தனை முறை கொட்ட நேர்ந்தது என்பதையும் பதிவு செய்யுங்கள். மூன்றில் இரண்டு தோற்கிற இடத்தில் எக்மன் பொருத்தமான கருவி இல்லை.

ஓர் இடத்துக்கு மூன்று மாதிரி என்பது பரவலான வழக்கம். அது குறைந்தபட்சம் மட்டுமே. முதலில் ஐந்தாறு மாதிரி எடுத்துச் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் பார்த்து, தேவையான எண்ணிக்கையைக் கணக்கிடலாம்: திட்ட விலக்கத்தின் வர்க்கத்தை, சராசரியின் வர்க்கத்தாலும் நீங்கள் ஏற்கும் பிழை விகிதத்தின் வர்க்கத்தாலும் வகுக்க வேண்டும். உதாரணமாக மாதிரிக்குச் சராசரி 12 உயிரி, திட்ட விலக்கம் 8, ஏற்கும் பிழை 20 சதவீதம் என்றால், 64-ஐ 5.76-ஆல் வகுக்க 11.1 வரும், 12 மாதிரி தேவை. இந்தக் கணக்கைப் பார்த்ததும் பலருக்கு மனம் சோரும். பிழையை 40 சதவீதம் என்று ஏற்றுக்கொண்டால் மூன்று போதும். அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, பெரிய மாற்றங்களை மட்டும் பேசுவது நேர்மை.

சல்லடை: கிராப்புக்கு நிகரான முக்கியம்

500 மைக்ரான் வலைக்கண்தான் படுகைப் பேருயிரிகளுக்குப் பொதுவான அளவு. அமெரிக்கச் சல்லடை எண்ணில் இது 35. எண் 30 என்றால் சுமார் 600 மைக்ரான். பழைய ஆய்வுகள் பலவற்றில் அதுதான். கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்றால் நம்பாதீர்கள். 250 மைக்ரான், அதாவது எண் 60, இளம் கைரோனமிட் (கொசு போன்ற, கடிக்காத பூச்சி) லார்வாக்களையும் மெல்லிய நாயிடிட் புழுக்களையும் பிடிக்கும். 500-இல் அவை நீளவாக்கில் நழுவிப் போய்விடும். ஆனால் 250-இல் தங்கும் குப்பை பலமடங்கு. பிரித்தெடுக்கும் நேரமும் அப்படியே ஏறும். எதை எடுத்தாலும் கண்காணிப்புக் காலம் முழுக்க அதையே பயன்படுத்துங்கள். நடுவில் மாற்றினால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒப்பிட முடியாது.

வாளி வடிவச் சல்லடை தட்டு வடிவத்தைவிட நல்லது. பாதி வாளி நீரில் அமிழும்படி பிடித்து, வட்டமாகச் சுழற்றி அலசுங்கள். ஏரி நீர் மேல் விளிம்பைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. வந்தால் உள்ளே இருப்பது வெளியே போகும், நீரில் மிதக்கும் வேறு உயிரிகள் உள்ளே வரும். குழாய் நீரைப் பீய்ச்சி அடிப்பதும் கையால் தேய்ப்பதும் இரண்டு பெரிய தவறுகள். மேஃப்ளை என்கிற மென்பூச்சியின் நீர்வாழ் இளவுயிரிக்குச் செவுளும் வால் இழைகளும் ஒடிந்துபோனால் இனம் காண்பது பெரும்பாடு, புழுக்கள் துண்டாகும். களிமண் உருண்டைகளை நீரில் ஊறவைத்து விரலால் மெதுவாகப் பிரிக்க வேண்டும். பாசி அடைத்துக்கொண்டால் வாளியின் பக்கத்தை வெளியிலிருந்து தட்டினால் போதும்.

எவர்சில்வர் வலை நைலானைவிட நீடிக்கும். விளிம்பில் வலையைப் பற்றவைத்த இடத்தில் ஆணி நுழையும் அளவு சந்து இருக்கிறதா என்று வாங்கும் முன் தடவிப் பாருங்கள். குறை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

சலித்ததை அகல வாய் பாட்டிலில் பாதிக்கு மேல் நிரப்பாமல் போட்டு, தேங்கிய நீரை வடித்து, 95 சதவீத எத்தனால் ஊற்றுங்கள். 70 சதவீத எத்தனாலை நேரடியாக ஊற்றினால் சேற்றிலும் உயிரிகளின் உடலிலும் உள்ள நீர் அதை மேலும் நீர்க்கச் செய்துவிடும். இரண்டே நாளில் அழுகல் தொடங்கும். மறுநாள் எத்தனாலை மாற்றிவிடுங்கள். புழுக்கள்தான் உங்கள் முக்கியக் கேள்வி என்றால் முதலில் ஃபார்மலின் நல்லது: கடையில் கிடைக்கும் கரைசல் ஒரு பங்கு, நீர் ஒன்பது பங்கு. எத்தனாலில் நேராகப் போட்டால் அவை சுருங்கித் துண்டாகிவிடும். ஃபார்மலினில் சிறிது வெண்காரம் சேர்க்காவிட்டால் அதன் அமிலம் நத்தை ஓட்டைக் கரைக்கும். ஃபார்மலின் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் திறக்கக் கூடாது. பென்சிலால் எழுதிய சீட்டைப் பாட்டிலுக்கு உள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.

பிரிக்கும்போது வெள்ளைத் தட்டில் ஒரு செ.மீ. நீருக்கு மேல் வேண்டாம். தாவரக் குப்பை குறைவான மாதிரியாக இருந்தால், ஒப்படர்த்தி 1.12 வரும்படி கரைத்த சர்க்கரை நீரில் மிதக்கவிடலாம். லார்வாவும் புழுவும் மேலே வரும். நத்தையும் மட்டியும் அடியிலேயே கிடக்கும். அடிக்குப்பையைக் கட்டாயம் தனியாகத் தேட வேண்டும். புழுத் துண்டுகளில் தலை உள்ளதை மட்டும் எண்ணுங்கள். வெற்று ஓடுகளை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் பல ஆண்டுகளுக்கு முன் செத்த நத்தை இன்றைய ஏரிக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிடும்.

கிராப் சொல்வதும் சொல்லாததும்

திறந்த நீரின் நடுவே அள்ளிய மென்சேற்றில் பெரும்பாலும் இரண்டு கூட்டம்தான் வரும்: டியூபிஃபிசிட் செம்புழுக்களும் கைரோனமிட் லார்வாக்களும். கைரோனமிட்களில் ஒன்றான கைரோனமஸின் லார்வா இரத்தச் சிவப்பாக இருப்பதற்குக் காரணம் அதன் உடலில் உள்ள ஹீமோகுளோபின். அதனால் ஆக்சிஜன் மிகக் குறைந்த சேற்றிலும் தாக்குப்பிடிக்கும். லிம்னோட்ரிலஸ் ஹாஃப்மைஸ்டெரி என்கிற புழுவும் அப்படியே. சீனாவின் தைஹு ஏரியின் சராசரி ஆழம் இரண்டு மீட்டருக்கும் குறைவு. அதில் மாசு மிகுந்த வடக்கு வளைகுடாக்களில் இந்தப் புழுவும் டேனிபஸ் என்கிற கைரோனமிட்டின் லார்வாவும்தான் ஓங்கியிருக்கின்றன. கிழக்கே நிலைமை வேறு.

இதைப் பார்த்ததும் செம்புழு சதவீதத்தைக் கணக்கிட்டு முடித்துவிடத் தோன்றும். குட்நைட், விட்லி என்கிற இரு ஆய்வாளர்கள் 1960-இல் ஓர் அளவுகோல் சொன்னார்கள்: மொத்த உயிரிகளில் புழுக்கள் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்ல நிலை, 60 முதல் 80 வரை சந்தேகம், 80-க்கு மேல் கடும் மாசு. அது கரிமக் கழிவு விழும் ஓடைகளுக்கு வகுத்தது. ஆழமற்ற ஏரியின் நடுச்சேற்றில், ஆரோக்கியமான ஏரியிலும், வேறெதுவும் பெரிதாக வாழ்வதில்லை. அங்கே 75 சதவீதம் புழு என்பது தனியாக ஒரு தீர்ப்பு ஆகாது. அதே ஏரியில் இந்த எண் ஆண்டுக்காண்டு எப்படி நகர்கிறது என்பதுதான் செய்தி. பிரிட்டனின் பிஎம்டபிள்யூபி மதிப்பெண் முறையும் ஓடும் ஆறுகளுக்கானது. ஆக்சிஜன் நிறைந்த வேகநீரில் வாழும் குடும்பங்களுக்குப் பத்து மதிப்பெண், புழுக்களுக்கு ஒன்று. தேங்கிய நீரில் அந்தப் பத்து மதிப்பெண் குடும்பங்களில் பெரும்பாலானவற்றை எதிர்பார்ப்பதே தவறு.

ஜெர்மன் ஏரி ஆய்வாளர் தீனமான் வகுத்த பழைய ஏரி வகைப்பாடும் இங்கே கைகொடுக்காது. கைரோனமஸ் ஓங்கினால் வளமிகை ஏரி, டேனிடார்சஸ் என்கிற இன்னொரு கைரோனமிட் ஓங்கினால் வளம்குறைந்த ஏரி என்பது, கோடையில் அடுக்காகப் பிரியும் ஆழ ஏரியின் அடித்தளத்துக்குப் பொருந்தும். ஆழமற்ற ஏரியைக் காற்று அடிக்கடி கலக்கிவிடுகிறது. பகலில் அடிவரை ஆக்சிஜன் போகும். இங்கே எது வாழும் என்பதை நீர்த்தாவரம், சேற்றின் கரிம அளவு, மீன் இந்த மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. மீனை மறந்துவிடுபவர்கள் அதிகம். கெண்டை வகை மீன்கள் சேற்றைக் கிளறி லார்வாக்களைத் தின்பவை. அவை பெருகிய ஏரியில் கைரோனமிட் எண்ணிக்கை குறைந்திருக்கும்; அதை வைத்து மாசு குறைந்தது என்றோ கூடியது என்றோ சொல்லவே முடியாது.

காற்று ஓய்ந்தால் நிலைமை எவ்வளவு வேகமாகப் புரளும் என்பதற்கு வட அமெரிக்காவின் ஈரி ஏரியின் மேற்குப் படுகை சான்று. சராசரி ஆழம் ஏழு மீட்டர் சொச்சம்தான். 1953 கோடை இறுதியில் வெப்பமும் அசைவற்ற காற்றும் சேர்ந்து நீர் அடுக்காகப் பிரிந்து, அடியில் ஆக்சிஜன் தீர்ந்தது. சேற்றில் வளைதோண்டி வாழும் ஹெக்சஜீனியா மேஃப்ளை கூட்டம் கூட்டமாக மடிந்தது. அது திரும்பித் தலைகாட்டியது 1990-களில். நீர்மாதிரியில் அந்தச் சில நாள் தவறவிட்டிருந்தாலும், படுகையில் அது பல பத்தாண்டுகளுக்குப் பதிந்திருந்தது. உங்கள் ஏரியிலும் ஆக்சிஜனை மதியத்தில் அளந்து திருப்திப்படாதீர்கள். பாசியும் தாவரமும் இரவெல்லாம் சுவாசித்து முடித்த விடியற்காலையில், சேற்றிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் அளக்க வேண்டும். கூடவே அதே சேற்றில் ஒரு கரண்டி எடுத்து 105 டிகிரி செல்சியஸில் உலர்த்தி, 550 டிகிரியில் எரித்து, எடை இழப்பைப் பாருங்கள். கரிம அளவு தெரியாமல் புழு எண்ணிக்கையை வைத்து எதையும் சொல்லாதீர்கள்.

கிராப் அறவே காட்டாத பகுதி கரையோரத் தாவரப் படுகை. தெளிந்த, தாவரம் நிறைந்த ஆழமற்ற ஏரியின் உயிர்ப் பன்மை அங்கேதான் இருக்கிறது: தட்டான் இளவுயிரிகள், கேடிஸ் என்கிற பூச்சி லார்வாக்களின் கூடுகள், நுரையீரல் நத்தைகள், குளோயான் மேஃப்ளைகள். கிராப்பின் தாடை தண்டுகளில் சிக்கி மூடாது. இதற்குத்தான் கைவலை: 30 செ.மீ. அகலம், 500 மைக்ரான் வலை. ஒரு மீட்டர் இழுப்பு என்றால் 0.3 சதுர மீட்டர். ஏரியைச் சுற்றிப் பத்து இடங்களில் ஒரே மாதிரி இழுங்கள். ஏரி தெளிந்த நிலையிலிருந்து பாசிக் கலங்கலுக்குத் தாவும்போது முதலில் உயிரிகள் காணாமல் போவது இந்த வலையில்தான். நடுச்சேற்றுக் கிராப்பில் அப்போதும் அதே புழுவும் அதே லார்வாவும் வந்துகொண்டிருக்கும்.

கரையோர மாதிரியில் கீனிஸ் என்கிற சிறு மேஃப்ளை வந்தால் அவசரப்பட்டு மகிழ வேண்டாம். அதன் இரண்டாவது இணைச் செவுள் சதுர மூடிபோல் விரிந்து மற்றச் செவுள்களை வண்டலிலிருந்து காக்கிறது. வண்டல் படிந்த நீரிலும் அது பிழைக்கும். மேஃப்ளை என்றாலே நல்ல நீர் என்று குடும்ப அளவில் நிறுத்திக்கொள்பவர்கள் இங்கே தவறுவார்கள். கைரோனமஸ் லார்வாக்களின் தலையை ஸ்லைடில் ஏற்றிக் கீழ்த்தாடைப் பற்களைப் பார்ப்பதும் பயனுள்ளது. பல் உதிர்ந்தோ ஒட்டியோ கோணியோ இருப்பவை வழக்கத்துக்கு மாறாகக் கூடினால், உலோகமோ பூச்சிக்கொல்லியோ சேற்றில் கலந்திருக்கிறதா என்று வேதிச் சோதனைக்கு அனுப்பலாம்.

பருவத்தையும் கவனியுங்கள். லார்வாக்கள் கூட்டமாக இறக்கை முளைத்துப் பறந்துபோன மறுவாரம் அள்ளினால் சேறு காலியாகத் தெரியும். அப்போதுதான் முட்டையிலிருந்து வெளிவந்த குட்டி லார்வாக்கள் 500 மைக்ரானில் நழுவிவிடும். நீர்மட்டம் ஏறி இறங்கும் ஏரியில், சில வாரம் முன்பு காய்ந்து கிடந்து இப்போது மூழ்கியிருக்கும் படுகையைத் தவிர்த்துவிடுங்கள்.

எக்மனை விட்டு வேறு எதை, எப்போது

மணல், சரளை, ஓடு நிறைந்த படுகை என்றால் பெடிட் போனார் என்கிற கனமான கிராப்பை வாங்குங்கள். வாயளவு கிட்டத்தட்ட அதே. எடை எக்மனைவிட நன்றாகக் கூடுதல், கடினப் படுகையைக் கடிக்கும். கயிறு தளர்ந்தால் தானே மூடும் ஊசி அதில் இருப்பதால் மெசஞ்சர் தேவையில்லை. அலையில் படகு குதித்துக் கயிறு நடுவழியில் தளர்ந்தால் அங்கேயே மூடிக்கொள்ளும் என்பது அதன் குறை. மென்சேற்றில் அது தன் எடையாலேயே அமிழ்ந்து நிரம்பி வழியும், அங்கே வேண்டாம்.

சிறு புழுக்களையும் அடுக்கடுக்கான ஆழப் பரவலையும் பார்க்க வேண்டும் என்றால் குழாய் மாதிரியெடுப்பான்தான். 7 செ.மீ. உள்விட்டக் குழாய் 38.5 சதுர செ.மீ.; ஐந்து குழாய் சேர்த்தால்தான் 192. பெரிய மட்டிகளும் அரிதானவையும் அதில் விழாது. ஆனால் மேல்படிவைக் கலைக்காமல் எடுப்பதில் எக்மன் அதற்கு ஈடாகாது. 10 செ.மீ.க்குக் கீழே போகும் பெரிய டியூபிஃபிசிட்களை, உதாரணமாக வாலோரம் செவுள் இழைகள் உள்ள பிராங்கியூராவை, எக்மன் பாதியில் வெட்டிவிடும். குழாய் முழுதாகக் கொண்டுவரும்.

எக்மன் வாங்கினால் ஒரு ஜோடி உதிரி ஸ்பிரிங்கும், விசையின் சிறு ஊசிகளும் சேர்த்தே வாங்குங்கள். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் நன்னீரில் கழுவி, விசைத் துளைகளில் ஏறிய மணலைப் பிரஷ்ஷால் எடுத்து, ஸ்பிரிங்கைத் தளர்ந்த நிலையில் காயவிட வேண்டும். விசையேற்றியபடி வைத்தால் ஸ்பிரிங் சீக்கிரம் தளரும். உவர்நீர் ஏரியில் எவர்சில்வரும் மூட்டுகளில் அரிக்கும். இழுத்துவிட்ட தாடை டக்கென்று மூடாமல் தயங்கி மூடினால் அன்றே ஸ்பிரிங்கை மாற்றிவிடுங்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மாற்றுங்கள்.